பக்கத்துக் கட்டில்

தங்கையின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவர்களுடைய பிள்ளைகள் கோட்டை பார்க்க வேண்டும் என்றார்கள். கருங்கல் சந்தையில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை உண்டு. அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் அவர்களோடு வட்டக்கோட்டைக்குப் போனோம். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. மதில் மேல் ஏறுகிற கல் சரிவில் கால் வைத்தேன், வழுக்கியது. இடது முட்டுக்குக் கீழே ஏதோ ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முட்டுக்குக் கீழே எலும்பு பிளந்திருக்கிறது, தகடு வைத்து ஆணி போட வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். வீக்கம் வற்றினால்தான் கத்தி வைக்க முடியும் என்பதால் பெண்கள் வார்டில் காலை ஒரு சட்டத்தின் மேல் தூக்கி வைத்துப் படுக்கப் போட்டார்கள். ஒடிந்த எலும்பு கூடிவிடும், சித்திரைக்குள் கடையில் எழுந்து நிற்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் கீரிப்பாறைக்காரி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது விழுந்து, கணுக்காலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டதாம். சர்க்கரை வியாதியும் உண்டு. எனக்கு முன்பே அவளுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது.

"அக்கா, நீங்க கோட்ட பாக்கப் போயி விழுந்தியளா? கொள்ளாம். எனக்கு ஒரு தடவகூட அத பாக்க ஒத்ததில்ல. அட்ட கடிச்சிட்டு நிக்கத இடத்துலதான் விழ முடிஞ்சுது" என்று சொல்லி அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கட்டில் கம்பி ஆடும். அவள் புருஷனும் பால் வெட்டுகிறவர்தான். விடியற்காலை வெட்டு முடித்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, தோட்டத்துப் பஸ் பிடித்து மத்தியானத்துக்கு மேல் வந்து சேருவார். அதுவரை அவளுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பது என் வீட்டுக்காரர். எனக்கு வருகிற மரச்சீனிக் கிழங்கிலும் மீன்கறியிலும் பாதி அவளுக்குப் போகும். பார்க்க வருகிறவர்கள் என் கட்டிலில் இடமில்லாமல் அவள் கட்டிலில் உட்கார்ந்து பேசுவார்கள். அவளும் காலை ஒதுக்கி இடம் கொடுப்பாள்.

என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காலில் உணர்வு திரும்பி வலி வந்தபோதுகூட நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வீட்டுக்காரர் எங்கள் ஊரில் அய்யாவைக் கும்பிடுகிற தாங்கலில் இருந்து திருநாம மண் கொண்டுவந்து நெற்றியில் இட்டுவிட்டு, "அய்யா பாத்துக்கிடுவாரு. இனி பேடிக்க வேண்டாம்" என்று தைரியம் சொன்னார்.

மறுநாள் காலையில் கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். கீரிப்பாறைக்காரியின் கட்டை அவிழ்த்ததும் ஒரு வாடை வந்தது. கெட்ட வாடை என்றுகூடச் சொல்ல முடியாது. புளிக்கத் தொடங்கிய மாவு போல இருந்தது. தையலின் ஓரத்தில் மஞ்சளாகச் சலம் நின்றது. நர்ஸ் அதை அழுத்தி எடுத்துவிட்டு, மருந்து வைத்துக் கட்டிவிட்டு, அந்தத் தள்ளுவண்டியை அப்படியே என் கட்டிலுக்கு உருட்டினாள். கையுறையை மாற்றினாளா என்று எனக்கு இன்றுவரை நினைவு வரவில்லை. எத்தனையோ தடவை கண்ணை மூடி அந்தக் காலையைப் பார்த்துவிட்டேன். வண்டி தெரிகிறது, அதன் சக்கரம் கிறீச்சிடுவது கேட்கிறது. கை மட்டும் தெரிவதில்லை.

அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. சலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் எனக்கும் குளிர் தொடங்கிவிட்டது. பல் கிட்டித்தது. முட்டுக்குக் கீழே கட்டு இறுகி, உள்ளே யாரோ குத்துவது போல இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் தையல் நெடுகச் சிவப்பு. அதே வாடை.

டாக்டர் எங்கள் இரண்டு பேரின் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னார். "இது ஸ்டாஃப்னு ஒரு கிருமி. மனுசன் தோல்ல, மூக்குல எல்லாம் சும்மா இருக்கிறதுதான். ஆனா இது சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத வகை. ரெண்டு பேருக்கும் அதேதான் வந்திருக்கு."

"இது எங்கயிருந்து வந்துது டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. அவங்க மூக்குலயே இருந்திருக்கலாம். வார்டுல இருந்திருக்கலாம். எங்க கையிலயே இருந்திருக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னார். அவர் போனபிறகு பார்த்தேன், வார்டின் வாசலில் கை துடைக்கிற மருந்துக்குப்பி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானமே எங்கள் இருவரையும் மாடிக் கோடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். வார்டில் இன்னொரு அம்மாளுக்கும் புண் உடைந்துவிட்டது என்று துப்புரவுக்காரப் பெண் சொன்னாள். அவளும் அதற்குப் பிறகு அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டாள். வாசலில் நின்று துடைப்பத்தை நீட்டிக் கை எட்டுகிற தூரம் வரை பெருக்குவாள்.

தங்கை போனில் அழுதாள். பிள்ளைகள் இருக்கிற வீடு, வருவதற்குப் பயமாக இருக்கிறது என்றாள். வர வேண்டாம் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் வந்துவிட மாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். லீவு முடிந்து அவர்கள் துபாய்க்குப் போவதற்கு முந்தின நாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். பிள்ளைகள், "பெரியம்மா, கால காட்டுங்க" என்றன. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், இரண்டு மருந்துக் கம்பிகள். எங்கள் நரம்பில் வான்கோமைசின் என்ற மருந்து ஏறியது. வேகமாக ஏறிவிட்டால் கழுத்தும் முகமும் சிவந்து, மேலெல்லாம் எறும்பு ஊருவது போல அரிக்கும். இரண்டு பேரும் சொறிந்துகொண்டு கிடப்போம். முன்பு போல் பேச்சு இல்லை. அவள்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவப்படுவியளா? இது எனக்கிட்ட இருந்து ஒங்களுக்கு வந்துதா, ஒங்களுக்கிட்ட இருந்து எனக்கு வந்துதா?"

"ஒனக்குத்தான பிள்ளே மொதல்ல சலம் வச்சுது" என்றேன்.

"ஒங்க ஆளுவ ஒக்க எனக்க கட்டில்ல ஏறி இருந்தாவளே. தெருவில நடந்த காலோட, எனக்க விரிப்பில. நான் ஒண்ணும் சொல்லேல்ல. நல்ல ஆளுவன்னு விட்டேன்."

"அப்ப நாங்களாக்கும் ஒனக்குக் கொண்டுவந்து தந்தது?"

"எனக்குத் தெரியாதுக்கா. ஆரோ தந்தாவ. நான் மலையில இருந்து கொண்டு வரேல்ல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சே நின்றது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்தது. சாப்பாடு வந்தால் அவரவர் பாத்திரத்தில் அவரவர் தின்றோம். என் வீட்டுக்காரர் இரண்டு சாயா வாங்கி வந்து, ஒன்றை அவள் தலைமாட்டில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்.

அந்தப் பிணக்கு எப்படித் தீர்ந்தது என்றால், தீரவில்லை. ஒரு சாயங்காலம் அவளுக்குக் குளிர் கண்டு கட்டிலே உதறியது. கண் மேலே போய்விட்டது. நான் மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. எழுந்து போக எனக்குக் கால் இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். தம்ளரை எடுத்துக் கதவில் எறிந்தேன். வந்து பார்த்து ஊசி போட்டார்கள், தெளிந்தாள். தெளிந்ததும் என்னைப் பார்த்து, "தம்ளரு நசுங்கிட்டாக்கா?" என்று கேட்டாள். நாங்கள் திரும்பப் பேசத் தொடங்கியது அப்படித்தான். யாரிடமிருந்து யாருக்கு என்பதை மட்டும் இருவரும் தொடவில்லை.

எங்களை மாறி மாறி ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்ப் புண்ணைத் திறந்து கழுவினார்கள். எங்கள் முறை எப்போதும் கடைசியில் வரும், எங்களுக்குப் பிறகு அறையையே கழுவ வேண்டுமாம். காலையில் இருந்து பட்டினி கிடந்து, மற்ற எல்லோரும் போய் வந்தபிறகு எங்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு தடவையும் டாக்டர், "இந்தத் தடவை சுத்தமா இருக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் கட்டு மறுபடி நனையும். எனக்கு மூத்திரம் குறைந்தது. மருந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று சொல்லி அளவைக் குறைத்தார்கள். குறைத்ததும் காய்ச்சல் ஏறியது. மருந்தைக் கூட்டினால் சிறுநீரகம், குறைத்தால் கால். அய்யாவிடம்கூட எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கிடந்தேன்.

ஒரு நாள் டாக்டர் வந்தபோது கீரிப்பாறைக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரே, இத வெட்டி எடுத்திருங்க."

அவர் திடுக்கிட்டுப் போனார். "கணுக்கால் எலும்புக்குள்ள இறங்கியிருக்கிறது உண்மைதாம்மா. ஆனா இன்னும் ஒரு தடவை கழுவிப் பாக்கலாம்னு…"

"கழுவுனது போரும். முட்டுக்குக் கீழ எங்க நல்ல எலும்பு இருக்கோ அங்க வெட்டுங்க. எனக்கு வீட்டுக்குப் போவணும்."

அவர் போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன். "மக்கா, கோட்டி பிடிச்சா ஒனக்கு? காலு இல்லாம மலையில எப்பிடி ஏறுவ? எப்பிடிப் பால் வெட்டுவ?"

"இந்தக் காலோட மட்டும் ஏறவா போறேன்? பட்டமரத்துல பால் வராதுக்கா. அத நிறுத்தி வச்சிட்டு மருந்து அடிச்சா மத்த மரமும் போவும்."

"பொறுத்துப் பாப்போம், பிள்ளே. நம்ம ரெண்டுபேரும் நடந்தே போவலாம்."

"நீங்க பொறுங்கக்கா. ஒங்களுக்குக் கட இருக்கு, இருந்து யாவாரம் பண்ணலாம். நான் இஞ்ச கிடந்தா அங்க அவரு சோறு வைக்கதா, பால் வெட்டதா, என்ன வந்து பாக்கதா? அவரு மெலிஞ்ச மெலிவப் பாத்தியளா?"

அவள் புருஷன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காலை எடுத்த பிறகு அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தையல் காய்ந்தது. போகிற அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். நான் அழுதேன். அவளை நினைத்தா, என்னை நினைத்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அவள் கட்டில் காலியாகி அதிக நேரம் ஆகவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஆட்கள் வந்து அவள் விரிப்பை உருவிவிட்டு வேறு விரிப்பு போட்டார்கள். மெத்தையைத் துடைக்கவில்லை, கம்பியைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தள்ளுவண்டியில் காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். பைக்கில் இருந்து விழுந்தவள். முழங்கையில் எலும்பு துருத்திக்கொண்டு, துணி சுற்றியிருந்தது. பின்னால் அவளுடைய அப்பா.

"சிஸ்டர், இஞ்ச வேண்டாம். இது கிருமி பகர்ந்து ஒட்டிப் பிடிக்கத அறை" என்றேன்.

நர்ஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "கீழ ஒரு கட்டிலும் காலி இல்லக்கா. இன்னைக்கு ஒரு ராத்திரிதான். விரிப்பு மாத்தியாச்சு."

அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். புதுப் புண். எனக்குள் என்ன வந்தது என்று தெரியவில்லை. மருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டையாக நின்ற காலை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்துக் கட்டிலின் மேல் சரிந்துவிட்டேன். உயிர் போய் வந்தது. குறுக்கே கிடந்துகொண்டு, "இதுல ஆரையும் படுக்க விட மாட்டேன்" என்று கத்தினேன்.

"என்னம்மா இது? ஒரு ஆளுக்கு ரெண்டு கட்டிலு வேணுமா?" என்றார் அந்த அப்பா. "எனக்க மோளு வேதனையில கிடக்கா. கொஞ்சம் மனசாட்சி வேண்டாமா?"

என் காலில் இருந்த கட்டை நானே அவிழ்த்தேன். நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் முட்டுக்குக் கீழே திறந்து கிடந்ததை அவர் பார்த்துவிட்டார். வாடையும் அவருக்கு எட்டியிருக்கும்.

"கொச்சுப் பிள்ளைய கொண்டு போங்க அண்ணாச்சி" என்றேன். "இந்தக் கட்டில்ல கிடந்தவளுக்குக் கால எடுத்தாச்சு."

அவர் அந்த வண்டியைத் தானே பிடித்துத் திருப்பினார். நடையில் அது உருண்டு போகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு வேறு எங்கே இடம் கிடைத்தது, கை சரியானதா, எதுவும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது. "ஒனக்கு என்னத்துக்கு இந்த வேல? நாளைக்கு ஒன்ன வெளிய போவச் சொன்னா, நான் எங்க கொண்டு போவேன்? இந்தக் கால வச்சிட்டு ஆரு எடுப்பா?" என்று கேட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். உயர்த்திய வேகத்திலேயே கட்டிலின் கால்மாட்டில் தலையை வைத்து ஏங்கி ஏங்கி அழத் தொடங்கினார்.

அவர் பயந்தபடியே நடந்தது. இனி ஊசியை வீட்டுப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மட்டும் வந்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

வாடகைக் காரின் பின்சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு இரண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனோம். இரண்டிலும் நல்ல முகத்தோடுதான் வரவேற்றார்கள். சோதனை முடிவைப் பார்த்ததும் கட்டில் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், நான் கை வைத்த மேசையை நாங்கள் வெளியேறுவதற்குள்ளாகவே ஒருவர் துடைத்தார். அப்போது எனக்குச் செத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் டிரைவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர் இருந்தாள், எனக்கு மகளாகலாம். காகிதத்தை வாசித்துவிட்டு நேரே குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து என் காலைத் தொட்டாள். பார்த்து முடித்துவிட்டுத் திரும்பவும் போய்க் கழுவினாள். சோப்பு நுரையை விரல் இடுக்கில் தேய்த்து, நிதானமாகக் கழுவினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன்; வலியில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அங்கே மருந்து மாற்றினார்கள், மாத்திரை தந்தார்கள். எலும்பு ஒருவாறு கூடியபிறகு தகட்டையும் ஆணிகளையும் எடுத்தார்கள். புண் மூடியது. முட்டு மடங்காது. கம்பு ஊன்றி நடக்கிறேன். கடையில் காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு இருக்கிறேன். பாத்திரம் எடுத்துக் காட்ட ஒரு ஆளை வைத்திருக்கிறோம். பிழைத்துவிட்டேன் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்.

போன மாதம் காலில் மிளகு அளவுக்கு ஒரு துளை விழுந்து கசிந்தது. மாத்திரை தின்று மூடியது. இந்த வாரம் மறுபடி திறந்துவிட்டது. தொட்டு எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று கீரிப்பாறைக்காரி போனில் கூப்பிட்டாள். செயற்கைக்கால் வந்துவிட்டதாம். மலை ஏறி இறங்கிப் பால் வெட்ட முடியாது, கூடத்தில் உட்கார்ந்து சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பால் பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒங்களுக்குக் காலு எப்பிடி இருக்குக்கா?"

"இருக்கு பிள்ளே."

"உணங்கிட்டா?"

புண் இன்னும் ஆறவில்லை என்றேன். அதற்கு அவள் சொன்னாள். "நான் சொன்னா தப்பா எடுக்காதீங்க. நான் இப்ப பேடிக்காம ஒறங்குதேன்."

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம், "நாமளும் எடுத்திரச் சொல்லலாமா?" என்று கேட்டேன். எனக்கு முட்டுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை நன்றாகக் கழுவிவிட்டேன் என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டு, கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ரிசல்ட் வரட்டு" என்றார்.